சிவகாசி: ஆடிப்பெருக்கில் பழைய ஆல்பங்கள்

ஆகஸ்ட் 1, வெள்ளி – சிவகாசி

ஆடிக் காற்றை இங்கே வந்துதான் பார்க்க வேண்டும். மேற்கு மலை மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டுக் காற்றை மட்டும் இந்தப் பக்கம் தள்ளுகிறது. காலை பத்து மணிக்கே உதடு வெடிக்கிறது. டீக்கடை பெஞ்சில் கை வைத்தால் புழுதி. அச்சகக்காரர்களோ இந்த வறட்சியைக் கும்பிடுகிறார்கள். தாள் ஈரத்தை இழுத்தால் விரியும். 30 அங்குலத் தாள் அரை மில்லிமீட்டர் விரிந்தாலே போதும், நேற்று அடித்த மஞ்சள்மேல் இன்று அடிக்கும் சிவப்பு சரியாக உட்காராது. காலண்டர் லட்சுமியின் உதடு கன்னத்துக்கு நகர்ந்துவிடும். ஒரே படத்துக்கு எட்டு நிறம், பத்து நிறம் என்று நாள்கணக்கில் அடித்த காலத்தில் காய்ந்த காற்று பெரிய வரம். தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் அதே வெயில்தான் முதலாளி.

பி. அய்யநாடாரும் ஏ. சண்முகநாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த கதை எல்லோருக்கும் தெரியும். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். லேபிள் அடிக்க வந்த அச்சகங்கள்தான் பிறகு காலண்டருக்குப் போயின. இந்த வரிசை தெரிந்தால்தான் பழைய ஆல்பங்களில் தீப்பெட்டி லேபிளும் முருகனும் ஏன் ஒரே கட்டில் கிடக்கின்றன என்பது புரியும்.

ஆல்பம் என்பது இங்கே மாதிரிப் புத்தகம். அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே தகரப் பட்டை அடித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, ஆடிப்பெருக்கன்று பூஜை செய்து வெளியிடுவார்கள். ஏஜென்ட் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நகைக்கடை, ஜவுளிக்கடை, உரக்கடை முதலாளிகள் புரட்டிப் பார்த்து எண்ணைச் சொல்வார்கள். மறு ஆடியில் புது ஆல்பம் வந்ததும் பழையது கிலோக் கணக்கில் பழைய பேப்பர் கடைக்கு. ஆண்டுதோறும் தூக்கி எறிவதற்கென்றே அச்சடிக்கும் புத்தகம் என்பதால், நாடெங்கும் வீடுகளில் தொங்கிய படங்களின் மூல ஆல்பம் ஒன்றைத் தேடினால் கிடைப்பதில்லை.

அதை எறியாமல் வைத்திருந்த ஒருவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். ஊரில் எந்த அச்சகத்தில் கேட்டாலும் "அண்ணாச்சியா?" என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். பெயர் போட வேண்டாம் என்றார். அதனால் இங்கேயும் அண்ணாச்சிதான்.

இரவுச் சாப்பாடு எண்ணெய் பரோட்டா. விருதுநகர்ப் பக்கத்துப் பரோட்டா எண்ணெயில் மூழ்கி மொறுமொறுவென்று வரும்; சால்னாவை ஊற்றிய உடனே சாப்பிட்டுவிட வேண்டும். ஒன்று 20 ரூபாய். மூன்றுக்கு மேல் கேட்டால் பரிமாறுகிறவர், "காலையில வேலை இருக்கா?" என்கிறார்.

ஆகஸ்ட் 2, சனி – அண்ணாச்சி வீடு

வெளியே 38 டிகிரி. உள்ளே மண்ணெண்ணெய், வார்னிஷ், பழைய தாள் மூன்றும் கலந்த வாசனை. அண்ணாச்சி வேலையைத் தொடங்கியது அச்சுக் கல் தேய்க்கும் பையனாக. பிறகு டிரான்ஸ்ஃபர் போடுகிறவர், மிஷின்மேன், கடைசியில் ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுப்பவர். லித்தோ என்ற கல்லச்சின் கல்லிலிருந்து, கணினியே நேராகப் படம் இறக்கும் இன்றைய சி.டி.பி. தகடுவரை ஒரே ஆள் பார்த்திருப்பது இந்தத் தொழிலில் அபூர்வம். பேச்சில் அலட்டல் கிடையாது. தாளைக் கையில் கொடுத்தால் முதலில் ஓரத்தைச் சிறிது கிழித்துப் பார்க்கிறார். நேராகக் கிழிந்தால் அது நார் ஓடும் திசை, கோணலாகப் போனால் குறுக்கு. காலண்டருக்கு நார் மேலிருந்து கீழே ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் தொங்கவிட்ட பத்தாம் நாள் கீழ் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டுகொள்ளும்.

கல் பற்றி அவர் சொன்னதை எழுதிவைக்க வேண்டும், சொல்ல ஆள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நல்ல லித்தோ கல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபனில் எடுத்த சுண்ணாம்புக் கல். 24×36 அங்குலத்தில் மூன்று அங்குலத் தடிமன் என்றால் எடை 100 கிலோவைத் தாண்டும். பழைய படத்தை அழிக்க ஒரு கல்மேல் இன்னொரு கல்லைக் கவிழ்த்து, நடுவே மணலும் நீரும் விட்டு எட்டு எழுதுகிறமாதிரி சுற்ற வேண்டும். ஒரே இடத்தில் தேய்த்தால் நடு பள்ளமாகி, அந்த இடத்தில் மை பிடிக்காது. தேய்த்த கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, வேலம்பிசினில் சில சொட்டு நைட்ரிக் அமிலம் கலந்து பூசினால், வரைந்த இடம் மையை வாங்கும், வரையாத இடம் நீரை வாங்கும். அமிலம் கூடினால் மெல்லிய புள்ளிகள் கருகி மறையும். குறைந்தால் வெற்றிடத்திலும் மை படரும்.

லேபிளுக்கு வேறு வழி. ஒரே லேபிளை நூறு தடவை வரைய முடியாது. ஒன்றை மட்டும் சுத்தமாக வரைந்து, டிரான்ஸ்ஃபர் தாளில் நூற்றுக்கு மேல் படி எடுத்து, அவற்றைப் பெரிய கல்லில் வரிசையாக ஒட்டி இறக்குவார்கள். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. ஏதோ ஒரு படி இறங்கும்போது ஒரு எழுத்தின் கால் உடைந்திருந்தால், அந்த உடைசல் ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வரும். வெட்டிய லேபிள்கள் இரண்டில் ஒரே உடைசல் இருந்தால் இரண்டும் ஒரே கல்லில், ஒரே இடத்தில் பிறந்தவை. லேபிள் சேகரிப்பவர்கள் இதைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மதியம் ஆச்சி போட்ட சாப்பாடு: சுண்டவத்தல் குழம்பு, கொத்தவரங்காய்ப் பொரியல், தயிர். சாப்பிட்டு முடித்த கையோடு கட்டில் அடியிலிருந்து முதல் பெட்டி வந்தது. "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. பிரிச்சு மட்டும் போட்டுறாதீங்க."

பெட்டிகளில் இருந்தவை: காலண்டர் ஆல்பங்கள் 22, தீப்பெட்டி லேபிள் மாதிரித் தாள்கள் ஒரு கட்டு, பட்டாசுப் பெட்டி லேபிள் புத்தகங்கள் இரண்டு, மை கம்பெனிகளின் நிற அட்டைகள், அச்சு இயந்திர விளம்பரப் புத்தகங்கள் சில. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கஜலட்சுமியின் புரோகிரசிவ் புரூஃப், அதாவது நிறம் நிறமாக எடுத்த சோதனை அச்சு. எட்டு நிறத்துக்கு எட்டுத் தனித் தாள்; பிறகு மஞ்சள், மஞ்சளோடு ரோஸ், அவற்றோடு வெளிர்நீலம் என்று ஏறிக்கொண்டே போகும் ஏழு தாள்; மொத்தம் 15. ரோஸ் தனியாக அடித்த தாளில் முகம் மட்டும் மங்கலாகத் தெரிகிறது. யானைகளின் சாம்பல் நிறத்துக்குக் கறுப்பே போடவில்லை, நீலமும் பழுப்பும் சேர்ந்து அதைக் கொடுத்திருக்கின்றன. அச்சுக் கலை சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு இந்த 15 தாளுக்கு இணையான பாடம் கிடையாது.

நிற அட்டைகளை யாரும் மதிப்பதில்லை. ஆனால் சுவரில் தொங்கிய காலண்டரில் முதலில் வெளுப்பது சிவப்பும் மஞ்சளும். டீக்கடைக் காலண்டரில் சாமி நீலமாகிப்போவது அதனால்தான். இருட்டில் மூடிக் கிடந்த அட்டை ஒன்றுதான் அந்தச் சிவப்பு எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி.

ஆகஸ்ட் 3, ஞாயிறு – ஆடிப்பெருக்கு

காலையிலேயே மாவிலைத் தோரணம், தேங்காய், புது ஆல்பத்தின்மேல் மஞ்சள் குங்குமம். வெளியூர் ஏஜென்டுகள் கைப்பையோடு வந்து இறங்குகிறார்கள். போகிற கடையிலெல்லாம் சர்க்கரைப் பொங்கலும் காபியும் கொடுக்கிறார்கள். மூன்றாவது கடைக்குமேல் மறுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். புது ஆல்பங்களில் தங்கநிறத் தகடு ஒட்டியவை, மேடுபள்ளமாக அழுத்தியவை, சாமியின் உருவத்தை ஒட்டியே வெட்டியவை என்று வேலைப்பாடு ஏராளம். டெய்லி காலண்டரில் படத்துக்கும் தேதித் தாளுக்கும் நடுவே கடையின் பெயர் அடிக்க வெற்றிடம். எண்ணிக்கை ஏற ஏற ஒன்றின் விலை இறங்கும்; அந்த விலைக் கணக்கு ஆல்பத்தோடு தனித் தாளாக வரும்.

அந்தத் தாளில்தான் அண்ணாச்சியின் பெருமையே இருக்கிறது. படத்தை எல்லோரும் வைத்திருப்பார்கள், விலைத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அவர் தம்முடைய 22 ஆல்பத்தில் 17க்கு விலைத் தாளைப் பின் அட்டையில் தைத்து வைத்திருக்கிறார். போதாதென்று ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் பென்சிலில் சிறுகுறிப்பு: எத்தனை நிறம், எந்த ஊர் அதிகம் கேட்டது, மறுபடி அடித்ததா. ஒரு பாலமுருகனுக்குப் பின்னால் "மலையாளம் பக்கம் நல்லா போச்சு, ரோஸ் குறைக்கணும்". அடுத்த ஆண்டு ஆல்பத்தில் அதே பாலமுருகன் வெளிறிய கன்னத்தோடு இருக்கிறார். பழைய படம் விற்கிறவர்கள் ஆல்பத்தைப் பிரித்துப் படம் படமாக விற்பது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதற்கு இது ஒன்றே போதும். வரிசை எண் போனால் எது முதல் பக்கத்தில் நின்றது, எது கடைசிக்குத் தள்ளப்பட்டது என்பது போய்விடும். பழைய நூல்களைச் சேகரித்த கோட்டையூர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும்கூடச் சேர்த்து வைத்தார். தொழில்காரர்களின் மாதிரிப் புத்தகங்களுக்கு அப்படி ஆட்கள் வாய்த்தது குறைவு.

மதியத்துக்குமேல் காலம் கணிக்கும் வேலை. ஆல்பத் தாளில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. விற்கிற படத்தை அடுத்த ஆண்டும் வைக்க வேண்டுமே. அண்ணாச்சி கைக்கொள்ளும் அடையாளங்கள் இவை:

விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, அல்லது பழக்கம் விடாமல் சற்றுப் பிந்தியது. "நயா பைசா" என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. 1964இல் "நயா" உதிர்ந்துவிட்டது. முகவரியில் "மதராஸ் மாநிலம்" இருந்தால் 1969 ஜனவரிக்கு முன். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15க்குப் பிறகுதான்; ஆகவே 626123 என்ற எண் அச்சாகியிருந்தால் அதற்கு முந்திய தாளாக இருக்க வழியே இல்லை. மாவட்டப் பெயர் இன்னும் கூர்மையான அளவுகோல்: 1985வரை இராமநாதபுரம், பிறகு காமராஜர் மாவட்டம், 1997இலிருந்து விருதுநகர். "காமராஜர் மாவட்டம்" என்று போட்ட தாள் கிடைத்தால் பன்னிரண்டு ஆண்டுக்குள் அடங்கிவிடும்.

எழுத்தில்தான் பலர் ஏமாறுவது. தும்பிக்கை வைத்த பழைய "லை", "னை" இருந்தாலே 1978க்கு முந்தியது என்று முடிவு கட்டுகிறார்கள். எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978இல். ஆனால் பழைய பிளாக்கை, அதாவது அச்சுக் கட்டையை, யாரும் தூக்கிப்போடவில்லை, லேபிளில் அது பல ஆண்டு தொடர்ந்தது. புது எழுத்து இருந்தால் 1978க்குப் பிந்தியது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம் (பெரியாரின் இதழ்கள் 1935இலிருந்தே அந்த எழுத்தைப் பயன்படுத்தின, அது தனிக் கணக்கு). பழைய எழுத்தை வைத்து மட்டும் எதுவும் சொல்லக் கூடாது.

கடைசியில் பத்து மடங்கு லென்ஸ். கேமராவில் நிறம் பிரித்த ஆஃப்செட் படத்தில் புள்ளிகள் வரிசையாக நின்று குட்டிப் பூ வடிவம் காட்டும். கையால் புள்ளி வைத்த லித்தோவில் வரிசையே இருக்காது. கன்னத்தில் நெருக்கமாகவும் நெற்றியில் கலைந்தும் ஆளின் கைபோல் இருக்கும். ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளில் ஒன்று கைப்புள்ளி, மற்றொன்று பூப்புள்ளி என்றால் எது முதல் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள் – சாத்தூர், கோவில்பட்டி

அண்ணாச்சி சொன்னதால் கோவில்பட்டிவரை ஒரு சுற்று. சாத்தூரில் பஸ் நின்ற ஐந்து நிமிடத்தில் காரச்சேவு கால் கிலோ 80 ரூபாய். சூடாக வேண்டுமா ஆறியது வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். ஆறியதுதான் மொறுமொறுப்பாக இருக்கும் என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். பக்கத்து சீட் அம்மா பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, தம்முடைய வெள்ளரிப்பிஞ்சில் இரண்டை நீட்டினார். பண்டமாற்று முடிந்தது.

கோவில்பட்டி என்றால் எல்லோருக்கும் கடலைமிட்டாய். 2020இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அச்சுக்காரர்களுக்கு அது காலண்டர் ஓவியர் கொண்டையராஜு இருந்த ஊர். 1898இல் பிறந்தவர்; சென்னை ஓவியப் பள்ளியில் படித்து, ரமணாசிரமத்தில் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து, கடைசியில் இங்கே தங்கிவிட்டவர். 1976இல் காலமானார். சீடர்கள் டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் முதலியோர். நேற்றுப் பார்த்த ஆல்பங்களில் மூலையிலுள்ள கையெழுத்தைப் படித்துக்கொண்டு போனால், சிவகாசி மிஷினுக்கு வேண்டிய சாமிகளில் பெரும் பங்கு இந்த ஊரிலிருந்து போனது தெரியும். பின்னணியில் தூண், திரை, படிக்கட்டு என்று நாடக மேடை வாசனை அடிப்பதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை.

வெயில் தாங்கவில்லை. அரைக் கிலோ கடலைமிட்டாயோடு திரும்பியாயிற்று.

ஆகஸ்ட் 5, செவ்வாய் – கட்டுதல்

கிளம்பும்போது ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கும் என்று நினைத்த பொருள். கணக்குப் போட்டால் கதை வேறு. 20×30 அங்குலத் தாளைப் பாதியாக்கினால் 15×20. அந்த அளவில் 130 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 130 கிராம்) ஆர்ட் பேப்பர் ஒன்று 25 கிராம். நூறு தாள் இரண்டரைக் கிலோ, அட்டையும் தகரமும் சேர்த்து மூன்று. 22 ஆல்பம் 66 கிலோ, மற்றவை 20 கிலோ. ரயிலில் தூக்கிப் போகிற விஷயமே இல்லை.

கட்டும் வேலை முழுவதையும் அண்ணாச்சியே நின்று நடத்தினார். தகரப் பட்டையில் துரு ஏறியிருந்த ஐந்து ஆல்பங்களில் பட்டைக்கும் தாளுக்கும் நடுவே பட்டர் பேப்பர் சொருகினோம். பட்டையைப் பிடுங்கவில்லை; பிடுங்கினால் தாளின் தலைப்பகுதியும் கூடவே வந்துவிடும். பழைய ரப்பர் பேண்டு உருகி ஒட்டியிருந்ததைச் சுரண்டாமல் விட்டாயிற்று. பித்தளைப் பொடி தூவித் தங்கநிறம் கொடுத்த படங்களைத் தனியே பிரித்து மூடினோம். அது செம்பும் துத்தநாகமும் கலந்த பொடி. விரல் பட்ட இடம் நாளடைவில் பழுப்பாகிவிடும். செல்லோடேப் எங்கும் கிடையாது. நிற்க வைக்கக் கூடாது, சுருட்டக் கூடாது, ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுக்குமேல் அடுக்கக் கூடாது. பெட்டிக்குள் முதலில் பாலித்தீன், அதற்குள் பழுப்புத் தாள், அதற்குள் ஆல்பம். ஆறு பெட்டி. சணல் கயிறு மீட்டர் கணக்கில்.

பார்சல் போடுகிற இடத்தில் லேபிள் தாள்களைச் சுருட்டித் தந்தால் ஒரு பெட்டி மிச்சமாகும் என்று யோசனை சொன்னார்கள். அண்ணாச்சி அவர்களை ஒரு பார்வை பார்த்தார், விஷயம் முடிந்தது. ஆறு பெட்டிக்குக் கூலியோடு 1,080 ரூபாய். பணம் கொடுக்க விடவில்லை. ஆல்பத்துக்கும் வாங்க மறுத்துவிட்டார். எடுத்துப்போன சால்வையை மடித்து ஆச்சியிடம் கொடுத்துவிட்டு, விலைத் தாள்களைப் படியெடுத்து ஒரு செட் தனக்கு அனுப்பச் சொன்னார். அது ஒன்றுதான் கேட்டார்.

ஆகஸ்ட் 6, புதன் – சென்னை

பஸ் டிக்கியில் எங்கள் பெட்டிகள்மேல் நனைந்த பூ மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். ஐந்து பெட்டிக்கு ஒன்றுமில்லை. ஆறாவதில் பாலித்தீன் கிழிந்து, ஒரு ஆல்பத்தின் கீழ் மூலை ஈரம்.

இந்த இடத்தில் நேரம்தான் முக்கியம். ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு ஈரத்தில் பசையாகும். அப்படியே காய விட்டால் தாள்கள் ஒன்றாக இறுகி, பிறகு யாராலும் பிரிக்க முடியாது. ஈரம் இருக்கும்போதே ஒவ்வொரு தாளாக மெதுவாகப் பிரித்து, நடுவே பட்டர் பேப்பர் வைத்து, மின்விசிறியின் நேர்க் காற்று படாமல் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் அலை அலையாக வளையும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரிக்க ஆளில்லை என்றால் பாலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யலாம். நனைந்தவை 31 தாள். இரவு பதினொன்றுக்கு எல்லாம் பிரிந்துவிட்டன. இரண்டில் மட்டும் மூலைப் பூச்சு உரிந்திருக்கிறது, படத்தில் இல்லை.

நாளையிலிருந்து ஸ்கேனிங். 600 டி.பி.ஐ., பின்பக்கமும் சேர்த்து, ஏனென்றால் பென்சில் குறிப்பு அங்கேதான். பூப்புள்ளிப் படங்களுக்கு மட்டும் புள்ளி நீக்கும் வடிகட்டி. கைப்புள்ளிப் படங்களுக்கு அதைப் போட்டால் ஓவியர் வைத்த புள்ளியே கரைந்துவிடும். விலைத் தாள்கள் முதலில். அண்ணாச்சியின் செட் அவற்றிலிருந்துதான் போக வேண்டும்.